கழுத்தில் ஒரு வெள்ளைத் திட்டு

செல்போனில் வரும் எந்த முகத்தையும் தங்கமணி நம்புவதில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய தங்கை நிர்மலாவின் மகளுக்கு ஒரு மாப்பிள்ளையின் போட்டோ வந்தது. தலை நிறைய முடி, பளபளவென்ற கன்னம். பெண் பார்க்க வந்து இறங்கியவனை மாப்பிள்ளையின் சித்தப்பா என்று நினைத்து நிர்மலா நாற்காலி போட்டாள். சம்பந்தம் அன்றே முறிந்தது. ஆனால் பெண்ணைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டார்கள் என்ற பேச்சு அவர்கள் ஊரான களமருதூரில் அடங்க வெகுநாள் ஆயிற்று.

அதனால், தன் மகள் அபிநயாவுக்குப் புரோக்கர் வீரமுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைத் தங்கமணி விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். பையன் பெயர் வெற்றிவேல். சொந்த ஊர் சின்னசேலம் பக்கம், வேலை கல்வராயன் மலையில், கரியாலூரில் இருக்கும் நாற்றுப் பண்ணையில். முகத்தில் ஒரு பரு இல்லை, ஒரு மச்சம் இல்லை.

"இன்னாடி இது? வெயில்ல நின்னு வேல பாக்கறவன் மூஞ்சி மாதிரியா இருக்குது? வெள்ளையடிச்ச சுவரு மாதிரி இருக்குது."

"போனே அப்பிடித்தாம்மா எடுக்கும். நாம ஒண்ணும் பண்ண வேணாம்," என்றாள் அபிநயா.

"அதத்தான் சொல்றேன். நாம கேக்காமலே பொய் சொல்லுது."

கணவர் தெய்வசிகாமணி, "உனக்குச் சரின்னா எனக்கும் சரி," என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

மறுநாளே தங்கமணி கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினாள். அங்கே ஸ்டூடியோ வைத்திருக்கும் ஆசீர்வாதத்திடம் பிலிம் கேமரா இன்னும் இருப்பது அவளுக்குத் தெரியும்.

"இருக்குதும்மா, ஆனா நான் அத தொட்டு எவ்ளோ நாளாச்சு," என்றார் அவர். "கழுவ மெட்ராஸுக்குத்தான் அனுப்பணும். டிஜிட்டல்னா எடுத்த ஒடனே பாத்துக்கலாம். கண்ண மூடிட்டா மறுபடி எடுக்கலாம்."

"மறுபடி மறுபடி எடுத்தா நல்லா விழுந்தது மட்டும்தான மிஞ்சும்?"

"பிலிம் மட்டும் யோக்கியமா? நெகட்டிவ் மேல பென்சில் வெச்சு எத்தினி பேரு அம்மத் தழும்ப மறைச்சிருக்கோம் தெரியுமா?"

"நீங்க பென்சில் வெக்காதீங்கண்ணே. கழுவி வந்தத அப்பிடியே குடுங்க. அது போதும்."

வீரமுத்து தலையில் அடித்துக்கொண்டாலும், பையன் ஆசீர்வாதத்திடம் பிலிமில் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற சேதியை மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்னார். வெற்றிவேல் மறுபேச்சில்லாமல் மலையிலிருந்து இறங்கி வந்து ஸ்டூடியோவில் உட்கார்ந்துவிட்டுப் போனான். அதுவும் தங்கமணிக்கு உறுத்தியது. இப்படி ஒரு கோரிக்கைக்கு எவனாவது இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வானா?

படம் கழுவி வந்தது. கறுப்பு வெள்ளை. நெற்றியில் சுருக்கம், மூக்கோரம் ஒரு மச்சம், சவரம் செய்த இடத்தில் வெட்டுக்காயம். இதெல்லாம் அவளுக்குப் பிடித்தே இருந்தது. பிறகுதான் இடது காதுக்குக் கீழே பார்த்தாள். கழுத்தில், சட்டைக் காலர் வரை, வெள்ளையாக ஒரு திட்டு.

"தோல் வியாதி," என்றாள் தங்கமணி. "போன் படத்துல இத மறைச்சிட்டாங்க."

ஆசீர்வாதம் படத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "கேமரா பழசும்மா. பின்மூடி இடுக்குல வெளிச்சம் பூந்திருக்கும். அதான் இப்பிடி விழுந்திருக்குது."

"கரெக்டா அவன் கழுத்துலதான் பூருமா?" அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். "அவங்க யாராவது வந்து உங்களாண்ட பேசினாங்களாண்ணே?"

அவர் படத்தை உறையில் போட்டு அவளிடம் நீட்டினார்.

வீட்டில் அபிநயா, "எனக்கு அந்தப் பையனப் புடிச்சிருக்குது," என்று மட்டும் சொன்னாள். பார்க்காத பையனை எப்படிப் பிடிக்கும்? மகள் மேலும் தங்கமணிக்குச் சந்தேகம் வந்தது.

யாரிடமும் சொல்லாமல் நிர்மலாவை அழைத்துக்கொண்டு கரியாலூருக்குப் புறப்பட்டாள். பஸ் வளைந்து வளைந்து ஏறியது. அருவி பார்க்க வந்தவர்களோடு இறங்கி, பண்ணைக்கு வழி கேட்டு நடந்தார்கள். மிளகுக் கன்று வாங்க வந்தவர்கள் போல உள்ளே போனார்கள்.

வெற்றிவேல் கொட்டகைக்கு வெளியே கன்றுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். சட்டைப் பட்டனைக் கழுத்து வரை போட்டிருந்தான். தங்கமணி நிர்மலாவின் கையை அழுத்தினாள். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மலை மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. தொப்பலாக நனைந்து கொட்டகைக்குள் ஓடிவந்தவன், காலரைத் தளர்த்தித் துண்டால் கழுத்தை அழுத்தித் துடைத்தான். கைக்கெட்டும் தூரத்தில் தங்கமணி நின்றிருந்தாள். திட்டை மறைக்கப் பூசிய பவுடர் எதுவும் துண்டில் ஒட்டவில்லை; திட்டும் இல்லை. காதுக்குக் கீழே வெயில் கறுத்த தோல், அவ்வளவுதான்.

"எ... எ... எந்த ஊரும்மா நீங்க?"

முதலில் குளிரில் நடுங்குகிறான் என்றுதான் நினைத்தாள். நிர்மலா யோசிக்காமல், "களமருதூரு," என்று சொல்லிவிட்டாள்.

அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அ... அபிநயா அம்மாவா?"

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"எனக்குப் பே... பேச்சு திக்குங்கம்மா. சின்ன வயசுலேர்ந்து. வீரமுத்து அண்ணன்கிட்ட மொ... மொதல்ல அத சொல்லிடுங்கன்னு சொன்னேன். சொன்னாருங்களா?"

"இல்ல தம்பி," என்றாள் தங்கமணி.

அவன் தலையாட்டினான். டீ வரவழைத்துக் கொடுத்தான். மழை விட்டதும் பஸ் நிற்கும் இடம் வரை குடையோடு வந்து நின்றான். எதற்காக வந்தார்கள் என்று கேட்கவே இல்லை. வழியெல்லாம் நிர்மலா, "நல்லவேள வந்து பாத்தோம்க்கா, இல்லாட்டி மோசம் போயிருப்போம்," என்று சொல்லிக்கொண்டே வந்தாள். தங்கமணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து, திக்குகிற விஷயத்தைச் சொன்னாள். அபிநயா முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெரியும்மா. பயோடேட்டால அவரு நம்பரு இருந்துச்சு. நான்தான் மெசேஜ் போட்டேன். மறுநாளே அவரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிட்டாரு. நான் இப்பிடித்தான் பேசுவேன், யோசிச்சுக்கோங்கன்னு."

"அப்பவே ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ கழுத்தையே பாத்துக்கினு இருந்த. இதையும் சொன்னா அப்பவே வேணான்னுடுவ."

தங்கமணிக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. வீரமுத்து மறைத்தார், மகள் மறைத்தாள். யார் மேல் சந்தேகப்பட்டுத் தூரத்து மலைக்குப் போனாளோ, அவன் ஒருவன்தான் மறைக்கவில்லை.

மகளின் போனை வாங்கி, அவளே வெற்றிவேலைக் கூப்பிட்டாள். "தம்பி, நீங்க வூட்டுப் பெரியவங்களக் கூட்டிக்கினு பொண்ணு பாக்க எப்ப வரீங்க?"

மறுமுனையில் முதல் எழுத்து மாட்டிக்கொண்டது. வருவேன் என்கிறானா, வரவில்லை என்கிறானா என்று புரியவில்லை. அவள் குறுக்கே பேசாமல், போனைக் காதோடு வைத்து, வார்த்தை வரும்வரை காத்திருந்தாள்.

"வ... வரோங்கம்மா. ஞாயித்துக்கெழம."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. வீரமுத்துவைப் பந்தியில் உட்காரவைத்து வயிறாரப் பரிமாறினாள் தங்கமணி. ஆனால் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.