பெரட்டுச் சாமியும் புரட்டு ஆய்வும்

"பேட்டி அளித்தவர் கூறியதை எழுத்தில் வடித்த பின், அதை அவருக்குப் படித்துக் காட்டி, அவர் ஒப்புக்கொண்ட பிறகே ஆய்வில் பயன்படுத்த வேண்டும்." பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் படிவத்தில் இது ஏழாவது விதி. படிவத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தின் அடியில் என் அக்கா தன் பெயரை எழுத்தெழுத்தாக எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே சாட்சியாக என் கையெழுத்து. வாழ்நாள் முழுவதும் ஈப்போவில் ஓர் அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு இருந்து ஓய்வு பெற்றவள் நான். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. ஏழாவது விதியை அன்று இரண்டு முறை படித்தேன், நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டேன்.

அக்கா சுங்கை சிப்புட் பக்கத்தில், முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த இடத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் இன்னும் இடிபடாத ஒன்றில் இருக்கிறார். பன்னிரண்டு வயதில் ரப்பர்ப் பால் வெட்டப் போனவர். அவர் வெட்டினார், நான் படித்தேன். தோட்டம் மூடிய பிறகு நிலம் கைமாறிக் கைமாறி ஒரு வீடமைப்புக் கம்பெனியிடம் வந்து சேர்ந்தது. லைன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு வெட்டவெளி, அதன் ஓரத்தில் ஒரு மரம், மரத்தடியில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு கல். வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கல்லைக் கழுவிப் பொட்டு வைப்பது அக்காவின் வேலை.

அந்தக் கல்லைப் பற்றிக் கேட்கத்தான் ஆய்வாளர் வந்தார். சமயங்களின் வரலாற்றை ஆராய்பவர். தோட்டப்புறத் தெய்வங்கள் பற்றிக் கட்டுரை எழுதுவதாகச் சொன்னார். நகரத்தில் பிறந்து வளர்ந்த தமிழர், தமிழ் அவர் வாயில் சுத்தமாக வந்தது. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தது எனக்குப் பிடித்திருந்தது.

"பசியாறிட்டியா தம்பி?" என்றார் அக்கா.

"ஆச்சும்மா. இந்தத் தெய்வத்தின் பெயரை மட்டும் சொல்லுங்க." அவர் ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்தார்.

"பெரட்டு முனி."

"ஏன் அந்தப் பெயர்?"

"ஏன்னு கேட்டா? பெரட்டுல நின்னவருக்கு வேற என்ன பேரு வைக்கிறது? பெரட்டு முனி தான் லா."

நான் சிரித்துவிட்டேன். "அக்கா, படிச்சவர் வந்திருக்காரு. கொஞ்சம் நல்ல தமிழ்ல சொல்லேன்."

"நல்ல தமிழ் பேசறவங்களுக்கு டவுன்ல பெரிய கோயில் இருக்கு. போய்க் கும்பிடச் சொல்லு. இது எங்க சாமி."

ஆய்வாளரும் சிரித்தார், குறித்துக்கொண்டார். பெரட்டு என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமா?

விடிவதற்கு முன் வேலையாட்கள் எல்லாரும் அந்த வெட்டவெளியில் வரிசையாக நிற்க வேண்டும். தோட்டக் கணக்கரான கிராணி பெயர்ப் பட்டியலைப் படிப்பார். பெயர் வரும்போது குரல் கொடுக்காதவருக்கு அன்றைக்கு வேலை இல்லை. அதுதான் பெரட்டு. ஆங்கிலத் துரைகள் விட்டுப்போன 'பரேடு' என்ற சொல், தோட்டத்து வாயில் இப்படி ஆனது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பிந்தி வருபவர்கள் மரத்தடிக் கல்லைத் தொட்டுவிட்டு, தங்கள் பெயர் இன்னும் கடந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு வரிசைக்கு ஓடுவார்களாம். ஆண்டுப் பூசையில் இன்றும் பூசாரி குடும்பம் குடும்பமாகப் பெயர் படிப்பார். இருக்கிறவர்கள் "வந்தாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தப் பூசைக்கும் ஆய்வாளர் வந்திருந்தார், படம் பிடித்தார்.

அவருடைய கட்டுரை எங்களுக்கு வரவில்லை. அதைக் கொண்டுவந்தது வீடமைப்புக் கம்பெனி.

கம்பெனி ஒரு வாக்குக் கொடுத்திருந்தது. தோட்டம் நடந்த காலத்திலேயே இருந்த கோயில் என்றால் அதே இடத்தில் விட்டுவிடுவார்கள், பிறகு வந்தது என்றால் எடுத்துவிடுவார்கள். இதில் எங்களுக்குக் கவலையே இல்லை. பெயரே சாட்சி. பெரட்டு நின்றுபோன பிறகு முளைத்த கல்லுக்கு எவன் பெரட்டு முனி என்று பெயர் வைப்பான்? இதைச் சொல்லத்தான் அக்காவும் நானும் கம்பெனி அழைத்த கூட்டத்துக்குப் போனோம். கம்பெனி அதிகாரி நம் ஆள்தான். ஒரு நகலை எங்கள் பக்கம் தள்ளினார். சில வரிகளில் மஞ்சள் மை பூசியிருந்தது.

"நாங்க ஒண்ணும் சொல்லல அக்கா. உங்க சாமியைப் பத்தி அச்சில இருக்கிறது இது ஒண்ணு தான். உங்ககிட்ட பேசிட்டுத்தான் எழுதியிருக்காரு."

அக்கா என்னைப் பார்த்தார். "என்ன எழுதியிருக்கு? படி."

படித்தேன். தெய்வத்தின் பெயர் 'புரட்டு முனி' என்று இருந்தது. புரட்டு, அதாவது பொய், ஏமாற்று. 'புரட்டில் நின்றவர்' என்று மூதாட்டி ஒருவர் கூறினாராம். தோட்டம் மூடப்பட்டபோது நிர்வாகத்தால் ஏமாற்றப்பட்ட மக்கள், அதன் பிறகு தங்களுக்கென ஏமாற்றும் தெய்வம் ஒன்றைப் படைத்துக்கொண்டார்களாம். உலகத்தின் வேறு மூலைகளில் உள்ள தந்திரக்காரத் தெய்வங்களோடு எங்கள் கல்லை இரண்டு பக்கத்துக்கு ஒப்பிட்டிருந்தார். பெயர் படிக்கும் சடங்கு, மக்கள் தங்கள் இருப்பை உறுதி செய்துகொள்ளும் குறியீடாம்.

"நானா?" என்றார் அக்கா. "நானா சாமியை ஏமாத்துக்காரன்னு சொன்னேன்?"

"இல்லக்கா. அவர் தப்பா எழுதிட்டாரு."

"அப்ப ஆயுசு பூராவும் ஏமாத்துக்காரனையா கழுவிக்கிட்டு இருக்கேன்?" இதை அவர் அதிகாரியைப் பார்த்துக் கேட்டார்.

அதிகாரி பேனாவை உருட்டினார். "எழுதினவரே மாத்திக் கொடுத்தா நாங்க ஏத்துக்கிறோம் மேடம். ஆடி மூணாம் வெள்ளிக்குள்ள. அதுக்கு மேல எங்களால நிறுத்தி வைக்க முடியாது."

ஆடிக்கு அப்போது நான்கு மாதம் இருந்தது. ஓர் எழுத்தைத் திருத்த நான்கு மாதம் தாராளம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து கட்டுரை முழுவதையும் படித்தேன். முறையியல் என்று ஒரு பகுதி. அதை மட்டும் பென்சிலோடு இரண்டாம் முறை படித்தேன். வெளியாள் தன் சொற்களை நம்பிக்கையாளர்மேல் திணிக்கக் கூடாதாம். அவர்களுடைய சொல்லே முதல் சான்றாம். வழிபாட்டைக் கண்ணால் பார்த்து, வாய்மொழியைக் காதால் கேட்டு, இரண்டையும் பொருத்திப் பார்க்க வேண்டுமாம். எல்லாம் சரி, எதிலும் எனக்கு மறுப்பில்லை. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: "தகவலாளரின் கொச்சை வழக்குகள் திருத்தி எழுதப்பட்டுள்ளன."

முதல் சான்று என்று மேலே சொல்லிவிட்டு அதைக் கீழே திருத்தியிருக்கிறார். சிலர் பேச்சில் புரட்டும் பெரட்டு என்றுதான் ஒலிக்கும், அதனால் காது ஏமாந்திருக்கலாம். காதை மன்னிப்பேன். வாய் என்ன செய்துகொண்டிருந்தது? மூன்று வருகை, இத்தனை மணி நேர ஒலிப்பதிவு, பூசையன்று படங்கள். வெட்டவெளியில் நின்று பெயர்ப் பட்டியல் படிப்பதைத் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். "அது என்னம்மா, பெரட்டு?" என்று ஒரு கேள்வி கேட்க எந்த முறையியலும் தடை சொல்லவில்லை. கொச்சை என்று முடிவு செய்துவிட்ட சொல்லுக்குப் பொருள் கேட்பது கௌரவக் குறைவு போலும்.

'நல்ல தமிழ்ல சொல்லேன்' என்ற என் குரலும் அந்தப் பதிவில் இருக்கும். அதையும் நான் மறக்கவில்லை. அவருக்குத் திருத்தும் அனுமதியைக் கொடுத்ததே நான்தான் என்று சில நாள் தோன்றும்.

ஆய்வாளருக்கு எழுதினேன். வெளிநாட்டில் இருப்பதாகத் தானியங்கிப் பதில் ஒன்று வந்தது. துறைத் தலைவருக்கு எழுதினேன். வெளியான கட்டுரை இதழாசிரியரின் பொறுப்பு என்றார்கள். இதழாசிரியர், விதிமீறல் என்றால் நெறிமுறைக் குழுவுக்குத்தான் எழுத வேண்டும் என்றார். நெறிமுறைக் குழு படிவத்தின் நகலைக் கேட்டது. அனுப்பினேன். கூடவே கட்டுரையின் பக்க எண், வரி எண், இருக்கும் சொல், இருக்க வேண்டிய சொல், ஏழாவது விதி, எல்லாவற்றையும் ஒரே தாளில் கட்டம் போட்டு அனுப்பினேன். நான் வேலையில் இருந்தபோது இப்படி ஒரு கடிதம் என் மேசைக்கு வந்திருந்தால் மாலைக்குள் முடித்திருப்பேன்.

ஆடி பிறந்தது. குழுவின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்தது ஒரு தமிழ்ப்பெண்.

"உங்க ஃபைல் ப்ராசஸ்ல இருக்கு ஆன்ட்டி."

"எந்தக் கட்டத்துல இருக்கும்மா?"

"ப்ராசஸ் கட்டத்துல."

"அதுக்கு அடுத்த கட்டம் என்ன?"

கொஞ்சம் யோசித்தாள். "மீட்டிங். ஆனா மீட்டிங் எப்பன்னு மீட்டிங்ல தான் முடிவு பண்ணுவாங்க."

அவளைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. இதே பதிலை இதே குரலில் சொன்னவர்களோடுதான் நான் காலம் தள்ளினேன். நன்றி சொல்லி வைத்தேன்.

கம்பெனியிடம் இன்னும் ஒரு வாரம் கேட்டேன். அதிகாரி கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும். அந்த வாரமும் போனது. ஆடி முடிய நான்கு நாள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை காலை, மண்வாரி இயந்திரம் வந்தது. ஈப்போவிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது தகரக் கூரை தரையில் கிடந்தது. கல்லை ஒரு சாக்கின்மேல் வைத்து லோரியில் ஏற்றியிருந்தார்கள். எல்லைக்கு வெளியே, பெரிய வடிகாலை ஒட்டி, ஆறடி இடம் கொடுத்திருந்தார்கள்.

அக்கா அழவில்லை. லோரிக்காரரிடம், "கொஞ்சம் நில்லுங்க தம்பி" என்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ தானே படிச்சவ. பேரு கூப்பிடு."

பட்டியல் பூசாரியிடம் இருந்தது. அவர் சுங்கை சிப்புட்டில் ஒரு கடையில் வேலையில் இருந்தார். ஞாபகத்திலிருந்து கூப்பிட்டேன். பாதி வீட்டார் காம்பாருக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டவர்கள். வந்திருந்த ஏழெட்டுப் பேர் "வந்தாச்சு" என்றார்கள். வராதவர்களுக்கெல்லாம் அக்கா குரல் கொடுத்தார். பெரட்டில் அப்படித்தான் செய்வார்களாம், பக்கத்து வீட்டுக்காரிக்கு வேலை போகக் கூடாதென்று. இது எனக்கே அன்றுதான் தெரியும். நானும் கேட்டதில்லை.

பிறகு நெறிமுறைக் குழுவின் பதில் வந்தது. தாங்கள் சுட்டிக்காட்டியது சரி. ஏழாவது விதி பின்பற்றப்படவில்லை. ஆய்வாளர் வருந்துகிறார். இணையப் பதிப்பில் 'புரட்டு' என்பது 'பெரட்டு' எனத் திருத்தப்பட்டது. கோயில் தோட்டம் நடந்த காலத்தது என்று கொள்ள இடமுண்டு. இக்கடிதத்தை உரிய தரப்பினரிடம் தாங்கள் அளிக்கலாம்.

அச்செடுத்தேன். வந்த காகிதத்தின் வலது மூலையில் பெற்ற நாளை எழுதுவது என் அலுவலகப் பழக்கம், இன்னும் விடவில்லை. பென்சிலை எடுத்து எழுதினேன்: ஆடி மாதம், கடைசி வெள்ளிக்கிழமை.