ஷைலாவுக்குக் கிடைத்த இரண்டு சீட்

ஜவ்வாது மலையில் மினி லாரி ஓட்டும் ஆரோக்கியநாதனுக்கு எந்த வளைவில் எந்த கியர் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மலை ஊர்களில் சாமையும் புளியும் பலாவும் ஏற்றிப் போளூரில் கொண்டுபோய் இறக்குவார். மகளின் படிப்பு விஷயத்தில்தான் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

ஷைலாவுக்குப் புள்ளியியல் படிக்க இரண்டு சீட் கிடைத்திருந்தது. ஒன்று, அரசுப் பல்கலைக்கழகத்தில். அங்கே செலவு அவர் கைக்குள் அடங்கும். இன்னொன்று, சென்னையில் லேசில் இடம் கிடைக்காத தனியார் கல்லூரியில்.

சென்னை நேர்காணலுக்கு அவரும் கூடப் போயிருந்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஷைலா ஏதோ சொல்ல, பேராசிரியை சிரித்தபடி மார்க்கரை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். பலகையில் எழுதுவதும் அழிப்பதுமாக அவள் தன்னை மறந்து நின்றாள். பெற்ற மகளின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"இன்னாம்மா கேட்டாங்க?"

"சொன்னா உனக்குப் புரியாதுப்பா." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஃபீஸ் கவுன்ட்டரில் இருந்தவரும் மரியாதையாகவே பேசினார். "மொத வருஷம் முழுசா கட்டிடணும் சார். சலுகையெல்லாம் அப்புறம் மார்க்கைப் பாத்துதான்."

ஊர் திரும்பியதும் பார்த்தவர்களிடமெல்லாம் யோசனை கேட்டார். பெரிய காலேஜை விடாதீங்க என்றார் பள்ளிக்கூடத்து ஜெயசுதா டீச்சர். கெட்டிக்காரப் பொண்ணு எங்கேயும் படிக்கும் என்றாள் மனைவி தெரசம்மாள். அவரவர் சொல்லும்போது அதுவே சரியென்று பட்டது.

ஃபீஸ் கட்டக் கடைசி நாளன்று ஜமுனாமரத்தூரில் புளி வியாபாரி தசரதனிடம் கடன் கேட்டுப் போய் நின்றார்.

"வண்டி மேல தர்றேன்யா. ரெண்டாம் வருஷத்துக்கு இன்னா பண்ணுவே?"

யோசிச்சிட்டு வர்றேன் என்று சொல்லி, வண்டியை மெதுவாக இறக்கிக்கொண்டு வந்தார்.

வாசலிலேயே ஷைலா நின்றிருந்தாள். "சென்னை வேணாம்னு காலேஜுக்கு மெயில் போட்டுட்டேன்ப்பா. யுனிவர்சிட்டிக்கே போறேன்."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலியேம்மா?"

"கேட்டா நீ இன்னா சொல்லியிருப்பே?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவளைப் போலக் கேட்டாள். ஆரோக்கியநாதனுக்கு முதலில் வந்தது நிம்மதிப் பெருமூச்சுதான். அது அவள் காதில் விழுந்துவிட்டதே என்று அடுத்த நொடி கூசிப்போனார். அவள் உள்ளே போய்த் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இப்போது அவள் ஹாஸ்டலில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும்.

"ஒரு பேப்பருக்கு இன்னும் சார் போடலப்பா. நானே யூடியூப்ல பாத்துக்கறேன்."

அந்தச் சென்னைக் கல்லூரியில் ஆள் போட்டிருப்பார்களா என்று கேட்க நாக்குவரை வரும். கேட்டு என்ன ஆகப்போகிறது?

"நேரத்துக்குச் சாப்புடும்மா" என்பார்.