பத்து ரூபாய் சிகரெட்டும் என் பதற்றமும்

வரி ஏறினால் அதே அளவுக்கு, அதே நாளில் சிகரெட் விலையும் ஏறும், அதோடு பாதிப் பேர் புகையை விட்டுவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். சிகரெட் ஏஜென்சியில் பதினெட்டு வருடம் சேல்ஸ்மேனாக இருந்தவன் நம்பிய லட்சணம் இது.

நான் கடை கடையாகச் சரக்குப் போடும் லைன் திருத்தங்கலில் தொடங்கித் தாயில்பட்டியில் முடியும். பட்டாசுக் கம்பெனி வாசல் கடைகளில் முழு பாக்கெட் போகாது. தீப்பெட்டி, பீடி, சிகரெட் எதையும் கேட்டைத் தாண்டிக் கொண்டுபோக முடியாதல்லவா? வேலை முடிந்து வருகிறவர் ஒன்றே ஒன்று வாங்கி, பஸ் வருவதற்குள் இழுத்து முடிப்பார். ஒன்று பத்து ரூபாய். என் விற்பனையில் பாதி அதுதான்.

சிகரெட்டுக்கு வரி ஏறுகிறது என்று டிவியில் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. லைன் படுத்துவிடும், வேலை போய்விடும் என்று புலம்பினேன். என் மனைவி டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனாள். நான் மறுநாளே பிஸ்கட் ஏஜென்சியில் போய் வேலை கேட்டேன். அப்படியே எங்கள் சிகரெட் ஏஜென்சி முதலாளி அண்ணாச்சியிடம் வந்து, அவர்களே என்னைக் கூப்பிடுவதாகச் சொல்லி, லைனை வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொன்னேன்.

"வரி போடுறது கவர்மென்ட்டு, வெலை போடுறது கம்பெனி. ரெண்டும் ஒரே ஆளுன்னு ஒனக்கு எவம்லே சொன்னான்? கொஞ்சம் பொறு" என்றார் அண்ணாச்சி.

நான் பொறுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, தாயில்பட்டியில் கம்பெனி வாசலில் கடை வைத்திருக்கும் மாரியக்காவுக்கு பிஸ்கட் போடப் போனேன். பழக்க தோஷத்தில் சிகரெட் விலை கேட்டேன். காரில் வருகிறவர்கள் வாங்கும் நீள சிகரெட் நன்றாகவே ஏறியிருந்தது. வரி ஏறியதைவிட அதிகமாகவே ஏற்றியிருந்தார்கள். ஆனால் பத்து ரூபாய் சிகரெட் பத்து ரூபாய்தான்.

எப்படி என்று கேட்டேன். அக்கா பழைய சரக்கில் மிஞ்சிய ஒன்றையும் புதியது ஒன்றையும் மிட்டாய் பாட்டில் மூடிமேல் பக்கம் பக்கமாக வைத்தார். புதியது ஒரு தீக்குச்சி மருந்துத் தலை அளவுக்குக் குட்டை.

"பதினோரு ரூவான்னா சில்லறைக்கு நான் எங்கன போவேன், தம்பி? அதான் கம்பெனிக்காரன் வெலையை விட்டுட்டு சிகரெட்டை நறுக்கிட்டான்."

"குடிக்கிறவுக ஒண்ணும் சொல்லலையாக்கா?"

"இப்பல்லாம் பஸ்ஸு லேட்டா வருதுங்காக."

அங்கிருந்து நேராக அண்ணாச்சியிடம் போனேன். சிகரெட்டுக்கு வரி நீளத்தைப் பார்த்துத்தான், கொஞ்சம் குறைத்தால் அது குறைந்த வரிக்குள் போய்விடும் என்று விளக்கினார். பதினெட்டு வருடம் என் பைக்கில் போன சரக்கைப் பற்றி அன்றுதான் தெரிந்துகொண்டேன். பேச்சோடு பேச்சாக என் லைனையும் கேட்டுப் பார்த்தேன்.

"அதுல ஆளு போட்டாச்சுலே. நல்லாத்தான் ஓட்டுதான்" என்றார்.

டிவியில் என்ன சொன்னாலும் முதலில் கடையில் போய் விலை கேளுங்கள். இதை விட்டால் உங்களுக்குச் சொல்ல என்னிடம் வேறு பாடம் இல்லை. வரி ஏறியது, சிகரெட் குட்டையானது, விலை அப்படியே நின்றது. வேலை மாறியது எனக்கு மட்டும்தான்.