மில் ரத்னவேலும் குயிலி என்பவளும்

மாவு மில் ரத்னவேலுக்கு இன்னொருத்தி இருக்கிறாளாம். பெயர் குயிலி. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் தே தாரிக் டீ ஆற்றுகிறவரில் தொடங்கி பூக்கடை வரைக்கும் போன மாதம் இதுதான் பேச்சு. கிளப்பியவர் முடிவெட்டும் பாலகிருஷ்ணன்.

“மத்தியானமானா கார்பார்க் மேல்தட்டுல வேன நிறுத்திட்டு உள்ள உக்காந்துக்கிறான். கண்ண மூடிக்கிட்டு ‘குயிலி, குயிலி’ன்னு கொஞ்சுறான்யா. அதுவும் மெதுவா!”

அந்த ‘மெதுவா’தான் எல்லோரையும் நம்ப வைத்தது. மிளகாய் அரைக்கும் இயந்திரத்தோடு போட்டி போட்டுக் கத்தியே பழகிய தொண்டை அது. “சாப்பிட்டீங்களா?” என்று ரத்னவேல் அன்பாகக் கேட்டால்கூட, புதிதாக வந்தவர்கள் அடிக்க வருகிறார் என்று ஒதுங்குவார்கள். அப்படிப்பட்டவர் குரலைத் தாழ்த்தினால், பெண் விஷயம் இல்லாமல் வேறென்ன?

வம்பு ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது இதைவிட ருசி. அதையும் கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.

போன வருடம் ரத்னவேலுக்கு வலது கண்ணில் விழித்திரை கழன்றுகொண்டது. ஆப்பரேஷன் செய்த டாக்டர், கொஞ்ச நாளைக்குக் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். டிவி கூடாது, போன் கூடாது. மனைவி மங்களம் மில்லைப் பார்க்கப் போய்விடுவார். மனிதர் தனியாகக் கிடந்து தலையணையைத் திட்ட ஆரம்பித்தார். பொறுக்க முடியாமல் மகள் சுஷ்மிதா அவர் காதில் இயர்போனைச் செருகினாள்.

“பழைய புக்ஸ்ப்பா. காப்பிரைட் முடிஞ்சு போனது. ஒரு வெப்சைட்டுக்காக வாலண்டியர்ஸ் சும்மா படிச்சு ரெக்கார்ட் பண்ணிக் குடுக்குறாங்க. ஃப்ரீதான் லா.”

“கதையா?”

“இல்லப்பா. தேனீ வளக்குறது எப்படின்னு.”

“குப்புறக் கிடக்குறவன தேனீ வளக்கச் சொல்றியே, நீ என் மகதானா?”

ஆனாலும் கேட்டார். ஒரு பெண் குரல். அவசரமில்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல. ஆரம்பப் பள்ளியோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவர், ஆயுளில் முதல் தடவையாக ஒரு புத்தகத்தை முழுதாக முடித்தது குப்புறக் கிடந்துதான். தேனீ முடிந்து கப்பல் கட்டும் வித்தை, அப்புறம் யானைக்கு வைத்தியம். வலி, பயம், கண் வருமா வராதா என்ற நினைப்பு எல்லாம் யானைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டன. ஒவ்வோர் அதிகாரமும் முடியும்போது அந்தக் குரல் சொல்லும்: “வாசித்தது முனீரா, மார்சிலிங், சிங்கப்பூர்.”

“இந்தம்மாவுக்கு யாரு சம்பளம் குடுக்குறா?”

“யாரும் இல்லப்பா.”

அது அவரை உறுத்தியது. ரயிலில் போய்வரும் தூரத்தில் இருக்கும் ஒருவர், முகம் தெரியாத மில்லுக்காரனைப் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றியிருக்கிறார். சும்மா இருக்கலாமா? எழுந்து உட்கார்ந்ததும், அந்த இணையதளம் வழியாக மகளை எழுதச் சொன்னார்: பிரியாணி மசாலா அரைத்து அனுப்பட்டுமா?

முனீராவின் பதில் குரலாகவே வந்தது. “மசாலாவெல்லாம் வேணாண்ணே. ஒரு அதிகாரம் படிச்சுக் குடுங்க, அது போதும். பழைய சுகாதாரப் புத்தகம் ஒண்ணு கிடக்கு. எல்லாம் ஆயிருச்சு, கடைசி அதிகாரத்த மட்டும் யாரும் தொட மாட்டேங்குறாங்க. அது இல்லாம வெளியிட முடியல.”

கடைசி அதிகாரம், மலக்குழி தோண்டும் முறை.

ரத்னவேல் பயபக்தியோடு படித்து அனுப்பினார். “அண்ணே, யாரத் திட்டுறீங்க?” என்று திரும்பி வந்தது. குரலைத் தாழ்த்திப் படித்தார். அப்போது பார்த்து மேல்வீட்டுக்காரர் சுவரில் துளை போட்டார். மறுபடியும் திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் வேன். ஏர்கான் சத்தம் விழுமென்று அதையும் அணைத்து, மூச்சு விடக் கண்ணாடியை ஒரு விரல் இறக்கி, வேர்த்து ஒழுகப் படித்தார்.

“இப்ப சத்தம் ஓகேண்ணே,” என்றார் முனீரா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. “ஆனா ‘மலக்குழி’ய ‘மலக்குளி’ன்னு படிக்கிறீங்க. கேக்குறவங்க எறங்கிக் குளிச்சிரப் போறாங்க.”

ரத்னவேலுக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை புத்தகம் வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஓர் எழுத்தைக்கூட ஒழுங்காகத் தர முடியவில்லையே என்று தவித்தார். மத்தியானம் மில்லை நிறுத்தும் நேரமெல்லாம் வேனில் உட்கார்ந்து, கண்ணை மூடி, நாக்கை மடக்கி, “குழி... குழி...” என்று பழகினார். தன் காரை எடுக்க வந்த பாலகிருஷ்ணன் கேட்டது அதைத்தான்.

சேதி மங்களத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் நேரே மேல்தட்டுக்கு ஏறிப்போய், வேன் கதவைத் திறந்து, புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தார். வாயைத் திறப்பதற்குள் போன் பேசியது.

“அண்ணே, இந்தத் தடவ சுத்தமா வந்திருச்சு! உங்களாலதான் புத்தகமே முடிஞ்சுது. அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தக் குடுக்கட்டும்.”

ரத்னவேலுக்கு இரண்டு கண்ணும் நிறைந்தன. பக்கத்தில் மனைவி இருப்பதையே மறந்து, போனை வாய்க்கு அருகே கொண்டுபோய்ப் பதில் சொன்னார், பழகிய அந்த மெதுவான குரலில். “நாந்தாம்மா நன்றி சொல்லணும். நீங்க இல்லன்னா அந்த மெத்தையிலயே செத்திருப்பேன்.”

“ஓஹோ!” என்றார் மங்களம். “மெத்தை வேறயா? இவதான் அந்தக் குயிலியா?”

ரத்னவேல் நிமிர்ந்தார். பழைய தொண்டை திரும்பி வந்தது. கீழ்த்தட்டில் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தவர்கூட அண்ணாந்து பார்த்தார்.

“குயிலியும் இல்ல, மயிலியும் இல்ல! குழிடி! கக்கூஸ் குழி!”