ஆறு பேர் குடிலில் ஹில்க்கா

குடிலின் கதவைத் திறந்ததும், முதுகுப் பையைக்கூட இறக்காமல் ஹில்க்கா அடுப்பின் வாய்க்குள் தலையை விடுவார். முன்னால் தங்கியவர்கள் பிர்ச் மரப்பட்டையும் பொடியாகப் பிளந்த விறகும் வைத்துவிட்டுப் போயிருந்தால், "ஆகா, யாரு பெத்த புள்ளையோ!" என்று அடுப்புக்குள்ளிருந்தே குரல் வரும். வைக்காமல் போயிருந்தால் வருவதை அச்சில் ஏற்ற முடியாது.

அறுபத்தொரு வயதுப் பெண்மணி. பின்லாந்தின் வடக்கே, கெமியார்வி என்ற சிற்றூரில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறார். செப்டம்பரில் இலைகள் பழுத்து மலைச்சரிவு சிவந்ததும் இரண்டு வாரம் விடுப்பு. லாப்லாந்துக் காட்டில் பூட்டும் வாடகையும் இல்லாத குடில்களில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்துகொண்டே இருப்பார். மற்றவர்கள் குடில் காலியாக இருக்க வேண்டுமே என்று நடப்பார்கள். காலிக் குடிலைக் கண்டால் ஹில்க்காவுக்கு முகம் தொங்கிவிடும். "என் கொறட்டைய நானே கேக்கவா இம்புட்டு தூரம் வந்தேன்?"

சென்ற ஆண்டு ஒரு பிற்பகல், பனியும் மழையுமாகக் கொட்டியது. ஆறு பேர் படுக்கும் குடிலில் பத்துப் பேர். அப்போது சொட்டச் சொட்ட நான்கு பேர் கதவைத் திறந்தார்கள்.

"எடமில்லைங்க. அடுத்த குடில் ஒம்பது கிலோமீட்டர்தான்" என்றார் ஓஸ்மோ. ஹெல்சிங்கிப் பொறியாளர், படுக்கும் மேல்பலகை முழுவதும் அவர் உடைமைகள் பரந்திருந்தன.

"ஒம்பதுதானா? நீ ஒருதடவ போயிட்டு வந்து சொல்லு தம்பி" என்றார் ஹில்க்கா. "இங்க கடைசியா வந்தவனுக்குத்தான் மொத உரிமை. எடம் பத்தலன்னா மொதல்ல வந்தவன் வெளிய போகணும். காஞ்சவன் நகரு, நனைஞ்சவன் ஏறு!"

பேருந்தில் பிள்ளைகளை ஏற்றுவதுபோல் ஏற்றினார். "தல இந்தப் பக்கம், காலு அந்தப் பக்கம்! அவரு பாதம் மூக்குல இடிக்குதா? பழகிக்க, ரெண்டு நாள்ல கல்யாணமே பண்ணிக்கலாம்."

பதினான்கு பேருக்கும் தொத்திறைச்சி வெந்தது. கொடியில் தொங்கிய யாருடைய காலுறையோ ஓஸ்மோவின் காப்பியில் சொட்டியது. அவர் கோப்பையை உற்றுப் பார்த்தார், குடித்தார், "இப்பத்தான் ருசியே வந்துருக்கு" என்றார். குடில் குலுங்கியது.

அந்தச் சிரிப்பு அடங்குமுன் கதவு மறுபடியும் திறந்தது. ஒரு கணவனும் மனைவியும். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. பற்கள் கிட்டித்து, பேச்சு வரவில்லை. உள்ளே நிற்கக்கூட இடமில்லை.

"இன்னைக்கு மொதல்ல வந்தது யாரு?" என்று கேட்டார் ஹில்க்கா.

"நீங்கதான்" என்றார் ஓஸ்மோ, தயங்கித் தயங்கி.

ஹில்க்காவுக்கு வந்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. "ஐயோ, நானேதான்! என் சட்டம் என்னையே வெளிய தள்ளுதே!" அந்தப் பெண்ணை அடுப்போரம் தம் இடத்தில் உட்காரவைத்துப் போர்த்திவிட்டு, பையிலிருந்து கூடாரத்தை இழுத்துப்போட்டு, பூட்ஸை மாட்டத் தொடங்கினார்.

மேல்பலகை கிறீச்சிட்டது. ஓஸ்மோ இறங்கிவந்தார். "ரெண்டாவதா வந்தது நான். ஆனா எங்கிட்ட கூடாரம் கெடையாது."

ஹில்க்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தம் கூடாரத்தின் கழிகளை உருவி அவர் கைகளில் திணித்தார். துணியைத் தம் தோளில் போட்டுக்கொண்டு, மழைக்குள் முதலில் குதித்தார்.