ஏழாவது கேள்வி

அந்தப் படிவத்தை நிரப்ப முத்துச்செல்விக்கு மொத்தம் நான்கு நிமிடம் ஆனது. அதில் ஏழாவது கேள்விக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. 'இல்லை'யில் டிக் போட்டாள். அது அவளுடைய படிவமாக இருந்திருந்தால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அது இசைவாணியின் படிவம்.

இசைவாணி எதிரே உட்கார்ந்து, கேன்டீன் தட்டிலிருந்த எலுமிச்சை சாதத்தில் வேர்க்கடலையாகப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாடி, முடிஞ்சிதா? அட்த்தது இன்னா கேக்கறான்?"

முத்துச்செல்வி எட்டாவது கேள்வியை வாசித்துக் காட்டினாள். ரத்த வகை என்ன?

"ஓ பாசிட்டிவ். போட்டுக்கோ."

ஆறிலிருந்து நேராக எட்டுக்குத் தாவியது இசைவாணிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவளுக்கு வழியும் இல்லை. அவளால் படிக்க முடியாது.

இசைவாணி வடக்குப்பட்டுக்காரி. அப்பா பெயர் மண்ணாங்கட்டி. அவருக்கு முன் பிறந்த மூன்று பிள்ளைகளும் செத்துப்போக, நான்காவதுக்கு நல்ல பெயர் வைத்தால் எமன் ஆசைப்பட்டுவிடுவான் என்று பயந்து வைத்த பெயர். அந்த மூன்றும் செத்தது வயிற்றுப்போக்கில். எமனை ஏமாற்ற யோசித்தவர்கள் தண்ணீரைக் கொதிக்கவைக்க யோசிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஊரே அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்ததில் வந்த கோபம், மண்ணாங்கட்டியைக் கருப்புச் சட்டை போடவைத்தது. மகளுக்குப் பார்த்துப் பார்த்து இசைவாணி என்று பெயர் வைத்தார். வீட்டில் சாமி படம் கிடையாது. மகள் நெற்றியில் பொட்டு கிடையாது.

கடவுளை நம்பாத மண்ணாங்கட்டி வாத்தியாரை நம்பினார். கெட்டது அங்கேதான்.

ஒரு கதையை ஒருமுறை சொன்னால் இசைவாணி வரி பிசகாமல் திருப்பிச் சொல்வாள். வாய்க்கணக்கில் வகுப்பையே முந்துவாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும், "எழுத்துங்கோ ஈ மாரி பறக்குது சார்" என்பாள். வாத்தியார் முதுகில் வைப்பார். சோம்பேறி, திமிர் பிடித்தது என்று அப்பாவிடம் சொல்லி அனுப்புவார். மண்ணாங்கட்டி பெல்ட்டை எடுப்பார். "பகுத்தறிவு பேசறவன் வூட்ல பொறந்துட்டு மூளைய தொறக்கவே மாட்டேன்றியே!" அம்மா கிளியம்மாள் தன் பங்குக்கு, கணவனுக்குத் தெரியாமல் மகளைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் நாக்கில் தேன் தடவி எழுதிக்கொண்டு வந்தாள். "தேன் நல்லாத்தான் இருந்துச்சி, இன்னொரு தபா கேட்டேன், ஐயிரு குடுக்கல" என்று பின்னாளில் இசைவாணி சிரிப்பாள்.

சில மூளைகள் எழுத்தை வேறு மாதிரிக் கையாளும். அதில் குற்றமும் இல்லை, சாபமும் இல்லை. டிஸ்லெக்சியா என்று அதற்குப் பெயரும் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வில் சொல்வதை எழுதித்தர ஆள் உண்டு, கூடுதல் நேரம் உண்டு. அரசாங்கம் ஆணையே போட்டிருக்கிறது. ஆணை தலைமையாசிரியர் அறை அலமாரியில் இருந்தது. பிள்ளை வகுப்பறை வாசலில் முட்டி போட்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே இருபது அடி இருக்கும். அந்த இருபது அடியை நடக்க அந்தப் பள்ளியில் ஒருவருக்கும் பத்து வருடமாகக் கால் எழவில்லை. கணக்கில் அறுபத்தொன்று வாங்கிய இசைவாணி, தமிழிலும் ஆங்கிலத்திலும் தோற்று வீட்டில் உட்கார்ந்தாள்.

அதற்குள் கம்பெனிகள் வந்து அவர்கள் நிலம் போயிருந்தது. மிச்சமிருந்த மனையில் மண்ணாங்கட்டி வரிசையாக எட்டு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டார். இசைவாணி ஒரகடத்தில் செல்போன் சார்ஜர் செய்யும் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தாள். அங்கே ஆள் எடுத்தவர்கள் மார்க் ஷீட்டைவிடக் கைவேகத்தைப் பார்த்தார்கள்.

ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து வந்த முத்துச்செல்வி நான்காம் அறைக்குக் குடிவந்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க். அதே கம்பெனி, அதே லைன். வந்த மூன்றாம் வாரம் ஒருநாள், இசைவாணி ஓவர்டைமுக்கு நின்றுவிட, ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்தவளுக்குப் போன் வந்தது.

"செல்வி, நான் எங்க கீறேன்னு தெரில."

"பஸ் மாத்தி ஏறிட்டியா? ஏட்டி, எதுத்தாப்புல போர்டு இருக்கா? படிச்சுச் சொல்லு."

வண்டிகளின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"போர்டு கீது" என்றாள் இசைவாணி. பிறகு அழத் தொடங்கினாள்.

தினமும் ஏறும் கம்பெனி பஸ்ஸை அவள் உடைந்த பின்விளக்கை வைத்துத்தான் அடையாளம் கண்டு வந்திருக்கிறாள். அன்று விளக்கை மாற்றிவிட்டார்கள். அவள் மறைமலை நகரில் நின்றிருந்தாள். முத்துச்செல்வி ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்க் கூட்டிவந்தாள். வரும் வழியில் இசைவாணி எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "யார்ட்டயும் சொல்லாத. நீ படிச்சி சொல்லு, நான் கைல செஞ்சி காட்றேன். ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆளு, சரியா?" என்றாள்.

முத்துச்செல்விக்கு அது அப்போது உயிர்காக்கும் பேச்சு. அவளுக்குக் கை வராது. ஐந்து தட்டுகளில் ஐந்து வகைத் திருகாணி; கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். தட்டில் ஒட்டியிருந்த எண்களைப் படித்து எடுப்பதற்குள் அடுத்த சார்ஜர் வந்து நிற்கும். மாத முடிவில் ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று சூப்பர்வைசர் எச்சரித்திருந்தார். மறுநாள் இசைவாணி, வாழ்க்கையில் பொட்டே வைக்காதவள், ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டை வாங்கிவந்தாள். தட்டில் சிவப்புப் பொட்டு, சார்ஜரைப் பொருத்தும் அச்சில் அந்தத் திருகாணி இறங்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலும் சிவப்புப் பொட்டு. பச்சைக்குப் பச்சை, மஞ்சளுக்கு மஞ்சள்.

"நெத்திக்கு வெக்கறத தட்டுக்கு வெக்கிறா பாரு, நாத்திகன் மவ" என்று லைனில் கேலி செய்தார்கள்.

"தட்டுக்கு வெச்சா வேலை நடக்குது. உன் நெத்தில வெச்சி இன்னா நடந்துச்சி?" என்றாள் இசைவாணி.

பத்தே நாளில் முத்துச்செல்வியின் தவறுகள் நின்றன. ஒரு மாதத்தில் லைன் முழுக்கப் பொட்டு ஏறியது. அதைக் கம்பெனியின் யோசனைப் போட்டிக்கு எழுதிப்போட்டார்கள். பெயர் எழுதும் இடம் வந்ததும் இசைவாணி, "உன் பேரையே போடு. மேடைல ஏத்தி எதனா படின்னு சொல்லிட்டான்னா?" என்றாள். முத்துச்செல்வி தன் பெயரைப் போட்டாள். பரிசாக வந்த ஹாட்பாக்ஸ் கிளியம்மாள் வீட்டுக்குப் போனது. லைன் லீடர் பேட்ஜ் முத்துச்செல்வியின் சட்டைக்குப் போனது. ஒப்பந்தத்தை நீட்டிக்க ஆண்டுதோறும் வைக்கும் எழுத்துத் தேர்வில் இருவர் தாளையும் அவளே எழுதினாள். கையெழுத்து வேறாகத் தெரியவேண்டுமே என்று இசைவாணியின் தாளில் மட்டும் எழுத்தைச் சாய்த்து எழுதினாள்.

நாலு வருடம் இப்படி ஓடியது. பிறகு கம்பெனி எல்லோரிடமும் விவரம் கேட்டுக் கொடுத்ததுதான் அந்தப் படிவம். ஏழாவது கேள்வி இது: 'பார்ப்பதில், கேட்பதில், படிப்பதில், எழுதுவதில் உங்களுக்குச் சிரமம் உண்டா? இருந்தால் அதற்கேற்ற ஏற்பாடு செய்து தரப்படும்.'

'ஆம்' என்றால் சாய்ந்த எழுத்துத் தாள்கள் வெளியே வரும். யார் எழுதியது என்று கேட்பார்கள். இசைவாணிக்கு வேலை போய்விடும் என்று பயந்ததாகத்தான் முத்துச்செல்வி பிற்பாடு தனக்குச் சொல்லிக்கொண்டாள். அதில் பாதி உண்மை. மறுபாதி அவள் சட்டையில் குத்தியிருந்தது.

இரண்டு மாதத்தில் லைனுக்கு டேப்லெட் வந்தது. தட்டுகளில் எந்த ஸ்டிக்கரும் இருக்கக்கூடாது என்று உத்தரவு வந்து, பொட்டுகளைப் பிளேடால் சுரண்டி எடுத்தார்கள். ஒரு ஷிப்டில் மூன்று மாடல் மாறும். ஒவ்வொன்றுக்கும் திரையில் வரும் வரியைப் படித்து, செய்து, பொத்தானைத் தொடவேண்டும். இசைவாணி பக்கத்து ஆளின் கையைப் பார்த்துச் செய்தாள். பக்கத்தில் இருந்தது சொர்ணம்மாள். அவளுக்குக் கண் பாதிதான் தெரியும். அவள் காதில் இயர்போன் இருந்தது.

"இன்னா சொர்ணம், வேலைல பாட்டு கேக்கிறியா?"

"பாட்டு எங்கக்கா? இதுல எழுதிருக்கத அது வாசிச்சுச் சொல்லுது. ஃபார்ம்ல கேட்டாங்கல்லா, ஆமான்னு போட்டேன்."

அன்று டீ நேரத்தில் இசைவாணி கேட்டாள். "ஃபாரத்துல அப்டி ஒண்ணு இருந்துச்சாடி?"

"அது கண்ணு தெரியாதவங்களுக்குத்தாம்ட்டி" என்றாள் முத்துச்செல்வி.

இசைவாணி நம்பினாள். எழுத்து விஷயத்தில் அவள் நம்பியது ஒரே ஆளைத்தான்.

அந்த வருடத் தேர்வு டேப்லெட்டில் நடந்தது, ஒவ்வொருவராகத் தனி அறையில். இசைவாணி இரண்டு தடவை தோற்றாள். எச்.ஆர். அதிகாரி கவியா அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். லீடர் என்பதால் முத்துச்செல்வியும் பக்கத்தில் இருந்தாள். ஏன் தோற்றாய் என்று மூன்றாவது தடவை கேட்டபோது இசைவாணி, "எனக்குப் படிக்க வராது மேடம்" என்று சொல்லிவிட்டாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மறைத்து வைத்திருந்த நாலு சொல்.

கவியா கணினியில் படிவத்தைத் திறந்தாள். "ஏழாவது கேள்வியில, படிப்பதில் சிரமம் உண்டான்னு தெளிவாக் கேட்டிருக்கோமே இசைவாணி! ஆமான்னு போட்டிருந்தா டெஸ்ட்டை வாயாலயே வச்சிருப்பேன். இயர்போன் கொடுத்திருப்பேன். இல்லைன்னு போட்டிருக்கு. யார் ஃபில் பண்ணது?"

இசைவாணி திரும்பி முத்துச்செல்வியைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், பேட்ஜைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள்.

"நான்தான் மேடம்."

"படிக்கவே வராதுன்றீங்க. எப்படி ஃபில் பண்ணீங்க?"

"தெரியாம எங்கியோ டிக் பண்ட்டேன்."

அது பொய் என்று அந்த அறையில் இருந்த மூவருக்கும் தெரியும். கவியா கெட்டவள் இல்லை. அன்று அவளுக்கு இன்னும் பதினோரு பேர் பாக்கி. 'தவறான தகவல் அளித்தார்' என்று கோப்பில் ஏற்றினார்கள். படிக்கத் தெரியாத ஒருத்தி எழுத்தில் பொய் சொல்லிவிட்டாளாம்! அதை எழுதியவர்களுக்கும் கையெழுத்திட்டவர்களுக்கும் சிரிப்புகூட வரவில்லை. மாதக் கடைசியில் முடிந்த ஒப்பந்தத்தை அதற்குமேல் நீட்டிக்கவில்லை.

கடைசி நாள் கம்பெனி கேட்டருகே இசைவாணி நின்றாள்.

"ஏழாவது கேள்விய ஏன் வுட்ட?"

முத்துச்செல்வி தன் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"படிச்சி காட்டிட்டு, வேணாண்டி, இல்லன்னே போட்டுக்கலாம்னு சொல்லியிருந்தா, சரின்னுதானடி சொல்லியிருப்பேன்."

அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டிலும் எதுவும் சொல்லவில்லை. முத்துச்செல்வி அறையைக் காலி செய்து மண்ணூரில் ஒரு விடுதிக்குப் போனபோது, மண்ணாங்கட்டி அவள் பெட்டியைத் தானே தூக்கி ஆட்டோவில் வைத்தார். "ஏம்மா, உனக்கு இன்னா கொற வெச்சோம் நாங்க?" என்று கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு ஏறினாள்.

ஒன்றரை வருடம் கழித்து ஒருநாள் ஷிப்ட் முடிந்ததும் அவள் எச்.ஆர். அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். படிவம், சாய்ந்த எழுத்து, பொட்டு யாருடைய யோசனை என்பது உட்பட. கவியா வேறு கம்பெனிக்குப் போய்விட்டிருந்தாள். புதிதாக வந்தவர் பொறுமையாகக் கேட்டார். டீ வரவழைத்தார்.

"அது முடிஞ்சுபோன ஃபைல்மா. நீங்க லைனை நல்லா ஓட்டுறீங்க. இதையெல்லாம் எதுக்குக் கிளறிக்கிட்டு?"

அவ்வளவுதான். எந்த பேட்ஜுக்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கொடுத்தாளோ, உண்மையைச் சொன்ன பிறகும் அந்த பேட்ஜ் சட்டையிலேயே இருந்தது. ஒன்றுமே ஆகவில்லை. அன்றைக்கு அந்த அறையிலேயே சொல்லியிருந்தாலும் இவ்வளவுதான் ஆகியிருக்கும் என்ற நினைப்பு அவளைப் படுக்கவிடவில்லை.

மூன்று நாள் எழுதி அழித்து எழுதி, இசைவாணிக்கு வாட்ஸப்பில் ஒரு நீளமான கடிதம் அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. இதை யார் வாசித்துக் காட்டுவார்கள்? கிளியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. மண்ணாங்கட்டிதான் வாசிப்பார். அழித்துவிடலாம் என்று பார்ப்பதற்குள் டிக் நீலமாகிவிட்டது.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் போகும்போது பதில் வந்தது. குரல் பதிவு. இசைவாணி இப்போது வேறொரு பெண்கள் விடுதிச் சமையலறையில் காய் நறுக்குகிறாள் என்று முத்துச்செல்வி கேள்விப்பட்டிருந்தாள். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.

"செல்வி, கெடச்சிது. அப்பாகிட்ட குடுக்கல, பயப்படாத. சொர்ணம் சொல்லிக் குட்த்துச்சி, எழுத்து மேல வெரல வெச்சா போனே படிக்குது. இத்தினி வருசமா என் போன்லயே இருந்துகீது பாரு, நம்ம ரெண்டு பேருக்கும் தெரில." யாரோ தக்காளி கேட்டார்கள். "நீ எழுதுனத ரெண்டு தபா கேட்டேன். பொம்பள கொரலு. உன்ன மாரி ஏத்தி எறக்கி படிக்கத் தெரில அதுக்கு, உசுரே இல்ல. ஆனா நடுவுல எதையும் வுடாம படிக்குது, செல்வி."

அதோடு பதிவு முடிந்தது. வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.