ருக்மணியின் பால்குடம் ஏன் விழுந்தது

ருக்மணியைத் தீட்டுக்காரி என்று சொன்ன வாய்களில் பாதி இப்போது மண்ணுக்குள் போய்விட்டன. மீதிப் பாதிக்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்.

ருக்மணி ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். ரப்பர்பால் வாளியைத் தலையில் வைத்து மேடு பள்ளம் இறங்கி வளர்ந்த கழுத்து அவளுடையது. பஸ் கண்டக்டர் கணேசமூர்த்தியைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊரான காஜா பெராங்குக்கு வந்தாள். விடியற்காலையில் இடியாப்பம் பிழிந்து வீடு வீடாக விற்பாள். அவள் இடியாப்பம் இல்லாமல் எங்கள் தெருவில் யாருக்கும் பொழுது விடியாது.

புருஷனுக்கு மஞ்சள்காமாலை வந்து பிழைத்ததால் வருஷா வருஷம் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. சன்னதிக்கு முன் தீபாராதனை காட்டும்போது, வரிசையில் முதலாவதாக நிற்பவள் மட்டும் குடத்திலிருந்து கையை எடுத்துத் தலைக்கு மேலே கும்பிட வேண்டும். மற்ற பெண்கள் குடத்தைப் பிடித்துக்கொண்டே நிற்கலாம். அவள் கழுத்தை நம்பி அந்த முதல் இடத்தை எப்போதும் அவளுக்கே கொடுப்பார்கள்.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம். கற்பூரம் ஏற்றினார்கள், மேளம் உச்சத்தில் இருந்தது. ருக்மணி கையெடுத்துக் கும்பிட்டாள். நின்றிருந்த பாயை யாரோ மெல்ல முன்னால் இழுத்தது போல இருந்ததாம். கால் முன்னால் போய்விட்டது, தலையிலிருந்த குடம் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்த்தது. குடம் பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்து பால் முழுக்க அவள் முதுகில் கொட்டியது. அதே நேரம் சன்னதியில் நீளச் சங்கிலியில் தொங்கிய விளக்கு, காற்றே இல்லாமல் ஆடியது.

கோயில் பொறுப்பாளர் ராஜரத்தினம் விளக்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார், அம்மன் ஊஞ்சலாடுகிறாள் என்று. கூட்டமே போட்டுக்கொண்டது. பிறகு பாலில் நனைந்து நின்றவள் பக்கம் திரும்பினார்.

"சுத்தமில்லாம கொடம் எடுத்தா இப்படித்தான். வெளிய போ."

மறுநாளிலிருந்து தெருவில் ஒரு வீடும் அவளிடம் இடியாப்பம் வாங்கவில்லை. கூடையோடு போனவள் கூடையோடு திரும்பினாள்.

முச்சந்தி மளிகைக்கடை முகைதீன் சும்மா இருக்கவில்லை. அன்று குடம் விழுந்த நேரத்தில் அவர் கடை மாடியில் இருந்திருக்கிறார். கட்டித் தொங்கவிட்ட வாழைத்தார்கள் ஆடியதைக் கண்ணால் பார்த்தவர். சுமத்ராவில் நிலநடுக்கம் என்று மலாய்ப் பத்திரிகையில் வந்ததையும் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினார். நடுவில் கடல் இருக்கிறதே என்று கேட்டவர்களிடம், கடலுக்கு அடியிலும் மண்தானே இருக்கிறது என்றார். தூரத்திலிருந்து வரும் ஆட்டம் மெதுவாகத்தான் வரும், சுவரை உடைக்காது, தொங்குவதையும் உயரமாக நிற்பதையும் அசைத்துவிட்டுப் போகும் என்றும் சொன்னார். யார் கேட்டார்கள்? கோயில் நிர்வாகம் கூட்டம் போட்டு, ருக்மணி விரதம் இருந்து சன்னதியில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தது.

கூட்டத்துக்கு ருக்மணி புருஷனோடு போனாள். பூமி ஆடியிருந்தால் மற்ற குடங்கள் ஏன் விழவில்லை என்று ராஜரத்தினம் மடக்கினார். கணேசமூர்த்திக்குத் தெரிந்தது பஸ் ஒன்றுதான். அதை வைத்தே சொன்னான்.

"பஸ்ஸு சடக்குனு கெளம்புனா கம்பியப் புடிச்சவன் நிப்பான், புடிக்காதவன் பின்னால சாய்வான். காலு பஸ்ஸோட போயிரும், ஒடம்பு நின்ன எடத்துலயே நிக்கப் பாக்கும். விழுந்தவனப் பாத்து நீ பாவின்னு நான் டிக்கெட்ட கிழிக்கிறதில்லீங்க. இவளக் கைய எடுக்கச் சொன்னது நீங்கதானே?"

இது கோயில், பஸ் இல்லை என்றார் ராஜரத்தினம். அப்போதுதான் ருக்மணி முன்னால் வந்தாள்.

"ஒரே ஆட்டந்தாங்கய்யா. வெளக்கு ஆடுனா அருளு, என் கொடம் விழுந்தா பாவமா? மொதல்ல வெளக்க விழுந்து கும்பிடச் சொல்லுங்க. அப்புறம் நான் விழறேன்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். பூஜைக்கு நேரமாகிவிட்டது என்று ராஜரத்தினம் எழுந்துகொண்டார். தப்பு எங்களுடையது என்று ஒருத்தர் சொல்ல வேண்டுமே! மன்னிப்புக் கேள் என்று கூடிய கூட்டம், மன்னிப்புக் கேட்காமலே கலைந்தது.

சில நாளில் ராஜரத்தினத்தின் மனைவி சீதா இடியாப்பத்துக்கு ஆள் அனுப்பினாள். கடைச் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். ஐயா வாய்தானே சொன்னது, ஐயா கையே வந்து வாங்கட்டும் என்று ருக்மணி திருப்பி அனுப்பிவிட்டாள். மறுநாள் காலையில் தெரு முழுக்கப் பார்க்க, அவரே தூக்குச்சட்டியோடு அவள் வாசலில் வந்து நின்றார்.

"சூடா இருக்கா?" என்றார், தரையைப் பார்த்து.

"சுத்தமாவும் இருக்குங்க."

நானாக இருந்தால் வெறும் சட்டியோடு அனுப்பியிருப்பேன். அவள் நிரப்பிக் கொடுத்தாள், தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் தனியாகக் கட்டி. அவர் தெருமுனை திரும்புவதற்குள் எதிர்வீட்டுக்காரி தட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. இத்தனை நாள் இந்தத் தட்டுகளெல்லாம் எங்கே போயிருந்தன என்று நான்தான் சத்தமாகக் கேட்டேன். ருக்மணி கேட்கவில்லை. அடுத்த ஈட்டை அடுப்பில் ஏற்றினாள்.